வளைகாப்பு கார்த்திகையிலா, தையிலா? முதல் பிரசவத்துக்கு எதை முதலில் தயார் செய்வது?

வைப்பாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை, ஏழாம் மாதம் நடக்கிறது, தை மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் கணவரும் சென்னையில் மேடவாக்கத்தில் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் ஐ.டி. கம்பெனி வேலை. அம்மா வீடு கோவில்பட்டி, மாமியார் வீடு விருதுநகர்.

மார்கழியில் விசேஷம் எதுவும் செய்ய மாட்டார்கள் என்பதால் இந்தக் கார்த்திகைக்குள் வளைகாப்பை முடித்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். அத்தையோ பொங்கல் கழிந்து ஒன்பதாம் மாதத்தில் செய்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அப்போதுதான் சொந்தபந்தம் எல்லாம் வந்து போக வசதி என்கிறார். இரண்டு பேருமே என்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள், எனக்குத்தான் யாருக்குச் சரி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம், குழந்தைக்கு எதுவுமே வாங்கவில்லை. பிறக்கும் முன்னால் ஒரு சட்டைகூட வாங்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபீஸில் உள்ளவர்கள் கொடுத்த லிஸ்ட்டைப் பார்த்தால் தொட்டில், பால் புட்டி கொதிக்க வைக்கும் மெஷின், டயப்பர் மாற்றும் மேஜை, பாலூட்டும் தலையணை என்று இரண்டு பக்கம் போகிறது. ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் அந்த லிஸ்ட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் எது நிஜமாகவே வேண்டும்? கோவில்பட்டியில் ஆஸ்பத்திரி இனிமேல்தான் பார்க்க வேண்டும். லீவை எப்போது ஆரம்பிப்பது என்றும் புரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.


தாமிரபரணிக்காரி எழுதியது:

வாழ்த்துகள் தங்கச்சி. நான் பாளையங்கோட்டை, சென்னையில் இருந்து தாய் வீட்டுக்கு வந்து பெற்றவள்தான், அதனால் உன் நிலைமை நன்றாகவே புரிகிறது.

முதலில் அந்த லிஸ்ட்டை மூடி வை. எங்கே பிரசவம் பார்ப்பது, எந்த டாக்டர், நடுராத்திரி வலி வந்தால் எந்த வண்டி, கூட யார், இந்த நான்கும் முடிவானால் மற்றது எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான்தான், உன் தம்பியோ அப்பாவோ அரை மணி நேரத்தில் வாங்கி வந்துவிடுவார்கள்.

வளைகாப்பு விஷயத்தில் நான் உன் அம்மா பக்கம். தை மாதம் என்றால் உனக்கு முப்பத்தாறு வாரத்தைத் தொட்டுவிடும், அந்த வயிற்றோடு எழும்பூரில் ஏறி விடிய விடிய ரயிலில் உட்கார்ந்து போவது லேசான காரியமா? அதுவும் பொங்கல் கூட்டத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. விமானத்திலும் முப்பத்திரண்டு வாரத்துக்கு மேல் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள், முப்பத்தாறைத் தாண்டினால் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். இப்போதே கிளம்பு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த் கோட்டா உண்டு, கவுன்ட்டரில் டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டி எடுக்கச் சொல். ராத்திரி இரண்டு மூன்று முறையாவது எழுந்து கம்பார்ட்மென்ட்டுக்குள் நட, காலைத் தொங்கப்போட்டே இருக்காதே.

ஆஸ்பத்திரி பார்க்கும்போது சுவர் வண்ணமும் ஏ.சி. அறையும் பார்த்து மயங்காதே. மயக்க டாக்டர் ராத்திரி கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார், ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும், பிறந்த குழந்தைக்கு மூச்சு சரியில்லை என்றால் அங்கேயே பார்க்க ஆள் உண்டா, இல்லை வேறு ஊருக்கு அனுப்புவார்களா என்று நேராகக் கேள். என் சித்தி மகளை ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழந்தை பிறந்த பிறகு பச்சைக் குழந்தையைப் பார்க்கிற டாக்டர் இல்லை என்று ராத்திரியோடு ராத்திரியாக ஹைகிரவுண்டுக்கு, அதாவது எங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, அனுப்பினார்கள். தாய் ஓரிடம் பிள்ளை ஓரிடம் என்று கிடந்தது கொடுமை. கோவில்பட்டியிலேயே மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது, அதையும் ஒருமுறை போய்ப் பார். தனியார்தான் என்று முடிவு செய்தாலும், நிலைமை சிக்கலானால் திருநெல்வேலிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்பது மனதில் இருக்கட்டும். போனதும் ஒன்பதாம் மாதம் வரை காத்திராமல் அந்த டாக்டரிடம் ஒரு செக்கப் போய், சென்னை பைலில் இருக்கிற எல்லா ஸ்கேன், ரத்த ரிப்போர்ட்டையும் காட்டிவிடு. ரத்த குரூப் நெகட்டிவ் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்.

சாமான் என்று கேட்டாயே, அப்பாவிடம் பழைய மல்லு வேட்டி நான்கைந்து கேட்டு வாங்கு. துவைத்து நல்ல வெயிலில் காய வைத்து, கால் பாகமாகக் கிழித்து மடித்து ஒரு துணிப்பையில் கட்டி வை. புது வேட்டி வேண்டாம், கஞ்சி முரமுரப்பு பிள்ளை தோலைச் சிவக்க வைத்துவிடும். உனக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி, பெரிய அளவு நாப்கின், பெல்ட் இல்லாத தளர்ந்த உள்ளாடை, ஒரு பிளாஸ்க், சாப்பிடத் தட்டு தம்ளர், இரண்டு போர்வை. செருப்பை மறக்காதே, ஆஸ்பத்திரி பாத்ரூம் தரை வழுக்கும்.


ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

வைப்பாறு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு சர்வீஸும் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர், ஆஸ்பத்திரி பற்றி அந்தப் பெண் அருமையாகச் சொல்லிவிட்டாள். உடம்பு பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? நிறையப் பெண்கள் வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். டீ, காபி, பாலோடு போட்டால் உடம்பில் சேராது, எலுமிச்சை ஜூஸோடு போடு. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது ராத்திரி என்று பிரித்துக்கொள். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயந்து நிறுத்திவிடாதே. ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும், ஒன்பதாம் மாதத்தில் தெரிந்து என்ன பிரயோஜனம்? பிரசவத்தில் ரத்தம் போவதைத் தாங்குவதற்கு இப்போதே உடம்பில் ரத்தம் சேர வேண்டும். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து எடுக்கிற சர்க்கரை டெஸ்ட் எடுத்தாயிற்றா என்றும், ரணஜன்னி தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்றா என்றும் பைலில் பார்.

இனிமேல் தினமும் குழந்தையின் அசைவைக் கவனி. சாப்பிட்ட பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்து எண்ணு. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். வரவில்லை என்றாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி உனக்குப் பட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே கிளம்பு. பிள்ளை தூங்குகிறது, நிறைமாதத்தில் இடமில்லாமல் அசைவு குறையும் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. அதேபோல் விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை திடீரென்று வீங்குவது, மேல்வயிற்று வலி என்றால் அது ரத்த அழுத்தமாக இருக்கலாம். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு என்ற கணக்கைத் தொட்டாலே டாக்டருக்குத் தெரிய வேண்டும். ரத்தம் பட்டால் சொல்லவே வேண்டாம், வேறு வண்டி கிடைக்கவில்லை என்றால் 108.

முதல் பிரசவத்தில் பொய்வலி வந்து வந்து போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நிற்கிற மாதிரி ஒரு மணி நேரமாக விடாமல் வந்தால் புறப்படு. பனிக்குடம் உடைந்தால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதைப் போனதும் நர்ஸிடம் சொல், குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கலாம்.

இப்போது உன் அம்மாவையும் அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டு. குழந்தை பிறந்ததும் சேனை தொடுகிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைக்கவே கூடாது. குடும்பத்தில் குணமான ஒருவர் வைத்தால் அந்தக் குணம் வரும் என்ற ஆசையில் செய்வது எனக்குத் தெரியும், அவர் பிள்ளையை மடியில் வாங்கி ஆசீர்வாதம் செய்யட்டும், அது போதும். ஒரு வயது வரை தேன் ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பைச் செயலிழக்க வைக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆபரேஷன் என்றாலும் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அந்தக் குட்டி வயிற்றுக்கு அதுவே போதும். பிள்ளை அழுகிறது, பால் ஊறவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொன்னதும் பவுடர் பால் டப்பா வாங்க ஓடுவார்கள், அதைத் தடுக்கிற பொறுப்பை இப்போதே உன் அம்மாவிடம் கொடு. எடை முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும். ஒரு வாரம் ஆன பிறகு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று தைரியமாக இரு. ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம்.

தொப்புள் கொடியில் எதையும் தடவாதீர்கள், சாம்பல், எண்ணெய், மஞ்சள் எதுவும். காய்ந்து தானாக விழும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, வசம்பு உரசிக் கொடுப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வசம்பைக் கையில் கட்டி அழகு பாருங்கள், வாயில் மட்டும் வேண்டாம். பிறந்த முதல் நாளே உடம்பு மஞ்சளித்தாலும், பிறகு உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும் வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். தை மாசி விடிகாலைப் பனி அந்தப் பக்கம் நன்றாகவே இருக்கும், தொப்பியும் காலுறையும் இரண்டு செட் வேண்டும்.

உனக்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பார்கள். கூடாது, பால் கொடுக்கிறவள் நிறையக் குடிக்க வேண்டும். மற்றபடி பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, காய லேகியம் என்று உன் அம்மா ஆசையாகச் செய்து தருவதை நன்றாகச் சாப்பிடு, அதில் ஒரு தப்பும் இல்லை.


ஒரு வயசுப் பையனின் அப்பா எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னதை நான் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன், ரொம்ப நன்றி அம்மா. சகோதரி, நான் காகிதம் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், இதை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், இது முழுக்க அவர் வேலை.

பிக்மி பதிவு, அதாவது கர்ப்பிணிகளுக்கான தமிழ்நாடு அரசின் பதிவு, ஆகிவிட்டதா? பதிந்ததும் ஆர்.சி.ஹெச். எண் என்று தாய் சேய் நலத்துக்கான பன்னிரண்டு இலக்க எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டுமே காட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுவதுண்டு, ஆனால் தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். இல்லை என்றால் மேடவாக்கத்திலேயே அரசு சுகாதார நிலையத்தில் ஆதாரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் காட்டிப் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். ஊர் மாறினாலும் எண் மாறாது, கோவில்பட்டியில் உங்கள் தெரு நர்ஸிடம் வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், பிறகு தடுப்பூசிக்கும் அவரே கூப்பிடுவார்.

லீவு: சட்டப்படி முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு உண்டு, 2017 திருத்தத்துக்குப் பிறகு. அதில் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம், அப்படியென்றால் உங்களுக்கு மார்கழி ஆரம்பம். ஆனால் முன்னால் எடுப்பது எல்லாம் பின்னால் குறையும். உடம்பு ஒத்துழைத்தால் அம்மா வீட்டில் இருந்தே வேலை பார்க்க இப்போதே மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், நிறைமாதம் வரை ஓட்டிவிட்டு லீவை ஆரம்பித்தால் பிள்ளையோடு இருக்க அத்தனை வாரம் கூடுதலாகக் கிடைக்கும். வாய்மொழியாகப் பேசி விட்டுவிடாதீர்கள், மெயிலில் இருக்கட்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, அதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

கம்பெனி இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு எவ்வளவு உச்சவரம்பு, நீங்கள் பார்க்கிற கோவில்பட்டி ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கையில் இருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு பில்லும் ஒரிஜினலாக வேண்டும். இரண்டு பேர் கம்பெனியிலும் கவரேஜ் இருந்தால் எதில் நல்லது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஹெச்.ஆருக்கு உடனே தகவல் போக வேண்டும், பல பாலிசியில் அதற்குக் கெடு உண்டு.

பிறப்புப் பதிவு 21 நாளுக்குள் இலவசம், ஆஸ்பத்திரியில் இருந்தே அனுப்புவார்கள். பிறக்கிற ஊரில்தான் பதிவாகும், அதனால் உங்களுக்குக் கோவில்பட்டி நகராட்சி. அந்தப் படிவத்தில் அப்பா அம்மா பெயரை, இனிஷியலோடு, ஆதாரில் உள்ளபடி நீங்களே எழுத்துக்கூட்டிப் பார்த்து அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், எழுத்துப் பிழையைப் பிறகு திருத்த அலைவது பெரிய வேலை. பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், ஒரு வருடம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம்.

அப்புறம் உங்கள் கணவரிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் மனைவியின் ரத்த குரூப் உள்ள நண்பர்கள் இரண்டு மூன்று பேரை, அதுவும் கோவில்பட்டி, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களை, இப்போதே பேசி வையுங்கள். தேதி தள்ளியே இருந்தாலும் தை பிறந்ததும் ஊருக்குப் போய்விடுங்கள், முதல் பிள்ளை சொன்ன தேதிக்கு முன்னாலும் வரும். பிறந்த பிறகு வருகிற கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் நீங்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளையை வாங்கி முத்தம் கொடுக்காதீர்கள், கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று பெற்றவள் சொன்னால் திமிர் என்பார்கள், மாப்பிள்ளை சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். பிரசவத்துக்குப் பிறகு உங்கள் மனைவி காரணம் இல்லாமல் அழுதுகொண்டே இருந்தால், அது இரண்டு வாரத்தைத் தாண்டினால், தூக்கமோ சாப்பாடோ பிள்ளைமேல் ஒட்டுதலோ இல்லாமல் போனால் சமாதானம் சொல்லிக்கொண்டிராமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அது மருந்து உள்ள வியாதி.


வைப்பாறு எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. செவிலியர் அம்மா எழுதியதை அம்மாவுக்குப் போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன், சேனை விஷயத்தில் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் சரி என்றாள். பிக்மி எண் பைலிலேயே இருக்கிறது, மேனேஜருக்கு மெயில் போட்டாயிற்று. வளைகாப்புப் பேச்சை அத்தையிடம் எப்படி எடுப்பது என்பதுதான் பாக்கி. வாங்கக் கூடாது என்று சொன்னவரிடம் இத்தனை சாமானையும் எப்படிச் சொல்வது? அவர் மனது நோகக் கூடாது, அவ்வளவுதான்.


விருதுநகர் ஆச்சி எழுதியது:

தாயி, உன் அத்தை ஊர்க்காரி நான், அவர் வயதுதான் எனக்கும் இருக்கும். அவர் பிடிவாதம் என்று நினைக்காதே. எங்கள் காலத்தில் பெற்ற பிள்ளை எல்லாம் தங்கவில்லை. தைத்து வைத்த சட்டையைப் பிள்ளை இல்லாமல் பார்த்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தப் பயம்தான் வழக்கமாகிவிட்டது, அதை எதிர்த்துப் பேசினால் அவருக்கு வயிற்றைக் கலக்கும்.

நம் பக்கத்தில் முதல் சட்டை புதுசாக இருக்கவே கூடாதே, நன்றாக இருக்கிற பிள்ளை போட்ட பழைய சட்டையைத்தானே போடுவோம். அதை அவரிடமே கேள். அத்தை, நாத்தனார் பிள்ளைகள் போட்டது, உங்கள் மகன் போட்டது ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா, அதைத்தான் முதலில் போட வேண்டும் என்று கேட்டுப் பார். பெட்டியில் கட்டாயம் எதாவது இருக்கும். துவைத்து வெயிலில் போட்டுக் கொண்டுவரச் சொல், உனக்குத் தேவையான துணி பாதி அதிலேயே முடிந்துவிடும். மீதியை உன் தம்பி கடையில் பார்த்து வைத்துவிட்டு, பிறந்த அன்று போய் வாங்கட்டும், கோவில்பட்டியில் கிடைக்காத சாமானா?

வளைகாப்புக்கு, தை மாதத்தில் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார் என்று உன் வீட்டுக்காரர் தன் தாயிடம் நேரில் போய்ச் சொல்லட்டும், போனில் வேண்டாம், நீயும் சொல்ல வேண்டாம். கார்த்திகையில் முகூர்த்தம் பார்க்கிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நாள் குறித்ததும் விருதுநகரில் இருந்து எந்தெந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலையும் அவரே எழுதட்டும், எத்தனை டஜன் கண்ணாடி வளையல் வேண்டும் என்றும் அவரிடமே கேளுங்கள்.